முத்திரை யார் கையில்?

உடைந்ததைச் சீர்செய்து தருவது உலகின் பழமையான தொழில்களுள் ஒன்று. புதிதாக ஒரு பொருளைப் படைப்பவனுக்குக் கிடைக்கும் புகழ், பழையதைத் திருத்திக் கொடுப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கை தடையின்றி ஓடுவது பெரும்பாலும் இவனுடைய கைத்திறனால்தான். தையல் இயந்திரமும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் கைக்கடிகாரமும் காரும் பழுதுபட்டால் நாம் முதலில் தேடிச் செல்வது, நமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரைத்தான்.

இரணியல், தக்கலை, திங்கள்சந்தை வட்டாரங்களில் இத்தகைய சிறு பட்டறைகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ளன. நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இத்தொழிலைக் கற்றுக்கொண்டே அரபு நாடுகளுக்குச் சென்றார்கள். ஈட்டிய பொருளைக் கொண்டு ஊர் திரும்பிப் பட்டறை வைத்தவர்களும் உண்டு. இவர்களிடம் தொழில் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனால், ‘கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர்’ என்னும் பலகை மட்டும் இவர்கள் வாசலில் இல்லை. அந்தப் பலகை இல்லாத காரணத்தால் அசல் உதிரி பாகம் எளிதில் கிடைப்பதில்லை; பழுது காணும் கருவி கிடைப்பதில்லை; வண்டியின் நுட்பங்களை விளக்கும் கையேடும் கிடைப்பதில்லை.

‘இவர் இத்தொழிலுக்குத் தகுதியானவர்’ என்று முத்திரையிடும் அதிகாரம் யாருக்கு உரியது? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனைச் சற்றே ஆராய்வது நமக்குப் பயன்தரும்.

தறியும் பீரங்கியும்

இரணியல் பழம்பெருமை வாய்ந்த ஊர். பத்மநாபபுரம் தலைநகராவதற்கு முன்னர் வேணாட்டு அரசர்கள் தங்கி ஆண்ட அரண்மனை இங்கேதான் இருந்தது. கைத்தறிக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. அருகிலுள்ள தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்களும் தறி நெய்து வாழ்ந்தவர் என்பது நம் பகுதியின் மரபுவழிச் செய்தி.

கைத்தறியை எண்ணிப் பாருங்கள். நாடா தேய்ந்தால் ஊர்த் தச்சர் வேறொன்று செதுக்கித் தருவார். விழுது அறுந்தால் நெசவாளியே கட்டிக்கொள்வார். தறியைச் செய்தவர் யார், எந்த ஊரார் என்று எவரும் கேட்டதில்லை. செய்யத் தெரிந்தவருக்குத் திருத்தவும் தெரியும். திருத்தத் தெரிந்தவருக்குச் செய்யவும் தெரியும். இரண்டும் ஒரே தொழிலாக இருந்தன.

போர்க்கருவிகளின் நிலையும் இதுவே. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அம்மன்னரிடமே பணியேற்றார். தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. அந்நாளைய துப்பாக்கி ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் பொருத்தப்பட்டது. ஒரு துப்பாக்கியின் விசை இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே, பழுதை நீக்கக் கொல்லர் ஒருவர் அரம் கொண்டு தேய்த்துத் தேய்த்துப் புதிய பாகத்தை இணைப்பார். ‘உதிரி பாகம்’ என்று தனியே ஒரு சரக்கு அன்று சந்தையில் இல்லை. கொல்லரின் உலைக்களமே உதிரி பாகக் கிடங்கு.

முஹ்தஸிபும் அரீஃபும்

அவ்வாறாயின், அக்காலத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் செய்துவிட்டுப் போகலாம் என்றிருந்ததா? இல்லை. இஸ்லாமிய நகரங்களில் தொழிலாளரைக் கண்காணிக்க ஹிஸ்பா என்னும் துறை இருந்தது. அதன் அதிகாரியே முஹ்தஸிப். ஹிஜ்ரி 450இல், அதாவது 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் தம் நூலில் இத்துறைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளார்கள்.

முஹ்தஸிப் கவனிக்க வேண்டிய தொழிலாளரை அவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வேலையில் நிறைவும் குறைவும் நோக்கிக் கவனிக்கப்பட வேண்டியவர்கள் முதல் வகையினர்; மருத்துவரும் ஆசிரியரும் இதில் அடங்குவர். நாணயமும் மோசடியும் நோக்கிக் கவனிக்கப்பட வேண்டியவர்கள் இரண்டாம் வகையினர். பொற்கொல்லர், நெசவாளர், சலவையாளர், சாயமிடுவோர் ஆகியோர் இவ்வகையினர். பிறர் பொருள் இவர்கள் கையில் ஒப்படைக்கப்படுவதே இதற்குக் காரணம். வேலையின் தரமும் தரக்குறைவும் நோக்கிக் கவனிக்கப்பட வேண்டியவர்கள் மூன்றாம் வகையினர்.

இன்றைய பழுதுபார்ப்போரை இதில் எந்த வகையில் சேர்ப்பது? நம் கருத்தில் மூன்று அளவுகோலும் அவர்களுக்குப் பொருந்தும். காரின் பிரேக்கைத் தொடுபவர் மருத்துவரைப் போல் உயிருக்குப் பொறுப்பாளி. வண்டியை விட்டுச் செல்பவருக்கு அவர் அமானிதம் காப்பவர். தரமும் அவர் வேலையில் இருந்தாக வேண்டும்.

ஆறாம் ஹிஜ்ரி நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீ அவர்கள் ஹிஸ்பாவைப் பற்றி எழுதிய நூலில் இன்னொரு நுட்பம் காணப்படுகிறது. எல்லாத் தொழில்களின் உள்விவரங்களையும் முஹ்தஸிப் ஒருவரே அறிந்திருக்க முடியாது. எனவே ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலாளரிலிருந்தே ஓர் அரீஃபை அவர் நியமிக்க வேண்டும். அந்த அரீஃப் நேர்மையாளராகவும், தொழிலை நன்கு கற்றவராகவும், அதில் நடக்கும் ஏமாற்றுகளை அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தகுதியை மதிப்பிட்டவர் பொது அதிகாரத்தின் சார்பில் நின்றார். மதிப்பிடப்படும் தொழிலாளருடன் வாடிக்கையாளருக்காகப் போட்டியிடும் வணிகரிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை. அரீஃபும் மனிதர்தாம், தவறியவர்களும் இருந்திருக்கலாம். எனினும் பொறுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் அந்நூலோர் தெளிவாக இருந்தனர்.

ஒரே அளவில் வார்த்த பாகங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகம் மாறத் தொடங்கியது. பிரான்சில் ஹொனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கித் தொழிலர், எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் செய்ய முயன்றார். 1785இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குச் சென்றார். குவித்து வைத்த பாகங்களிலிருந்து கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே விசைகளைப் பொருத்திப் பார்த்து வியந்தார். பின்னர் அமெரிக்கப் படைக்கலச் சாலைகளில் இம்முறை வளர்ந்தது. அங்கிருந்து தையல் இயந்திரம், கடிகாரம், மிதிவண்டி, கார் எனப் பரவியது.

இம்முறையால் மக்களுக்கு நன்மையே விளைந்தது. விலை குறைந்தது, பழுதுபார்ப்பது எளிதாயிற்று. ஆனால் இதற்குள்ளேயே ஒரு மாற்றமும் ஒளிந்திருந்தது. முன்னர்ப் பாகத்தைத் தாமே செய்துகொண்ட கொல்லர், இனி ஆலை செய்த பாகத்தை விலைக்கு வாங்கியே தீர வேண்டியவரானார். ஆலை தர மறுத்தால் அவருடைய அனுபவம் முழுவதும் பயனற்றதாகிவிடும். செய்பவரும் திருத்துபவரும் இரு வேறு மனிதர்களாயினர். ஒருவர் மற்றவரின் தயவில் வாழும் நிலை வந்தது.

நீதிமன்றங்களின் படிகளில்

இந்நிலையிலிருந்து எழுந்த வழக்குகள் பல. குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்த அதே 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்துக்கும் அந்நாட்டு அரசுக்கும் ஓர் உடன்பாட்டுத் தீர்ப்பு ஏற்பட்டது. அதுவரை தன் இயந்திரங்களை வாடகைக்கு மட்டுமே விட்டுவந்த அந்நிறுவனம், அவற்றை விற்கவும் வேண்டும், தனிப் பழுதுபார்ப்போருக்கு உதிரி பாகங்களை நியாயமான விலையில் தரவும் வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது.

அடுத்த வழக்கு இன்னும் எளிய மனிதர்களைப் பற்றியது. கடைகளில் கல்லாப்பெட்டியாகப் பயன்படும் கணக்கு இயந்திரங்களை ஸ்வீடனின் ஹூகின் நிறுவனம் செய்துவந்தது. லண்டனில் லிப்டன்ஸ் என்னும் சிறு நிறுவனம் அவற்றைப் பழுதுபார்த்தும் புதுப்பித்தும் பிழைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஹூகின் அதற்கு உதிரி பாகம் தர மறுத்துவிட்டது. 1977இல் ஐரோப்பிய ஆணையம் ஹூகின் செய்தது தவறென்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது. ஆனால் 1979 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. ஹூகினின் உதிரி பாகங்களைப் பொறுத்தவரை அந்நிறுவனமே தனியதிகாரம் பெற்றது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் இச்சச்சரவு உறுப்பு நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கவில்லை என்பதால், ஐரோப்பியச் சட்டம் இதில் தலையிட இயலாது என்று கூறிவிட்டது. நியாயம் இருந்தும் வழி இல்லாமல் போன வழக்கு இது.

அமெரிக்காவில் கோடக் நிறுவனம் தன் நகலெடுக்கும் இயந்திரங்களின் பாகங்களைத் தனிப் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்காதபடி தடுத்தபோது, அவர்கள் ஒன்றுகூடி வழக்காடினர். 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், புதிய இயந்திரங்களின் விற்பனையில் ஒரு நிறுவனத்துக்குப் போட்டி இருந்தாலும், அதன் உதிரி பாகச் சந்தையில் தனியாதிக்கம் இருக்கக்கூடும் என்று ஏற்று வழக்கைத் தொடர அனுமதித்தது. 1995இல் நடுவர் குழு பழுதுபார்ப்போருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

2002இல் ஐரோப்பிய ஆணையம் கார்த் துறைக்கென ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி, தர அடிப்படையிலான நிபந்தனைகளை நிறைவேற்றும் பட்டறைக்கு, புதிய கார் விற்கும் டீலராக இல்லாதிருந்தாலும் அங்கீகாரம் கிடைக்க வழி ஏற்பட்டது. அங்கீகாரம் நாடாத தனிப் பட்டறைகளுக்கும் நுட்பத் தகவல்களைத் தர வேண்டும் என்று அவ்விதி கூறியது.

எல்லா இடத்திலும் பழுதுபார்ப்போரே வென்றனர் என்று நாம் சொல்லிவிட முடியாது. அரபு நாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் உயர்விலைக் கைக்கடிகாரங்கள் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. அவற்றைச் செய்யும் சுவிஸ் நிறுவனங்கள் தம் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே பாகங்களைத் தருகின்றன என்று ஐரோப்பியக் கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004இல் முறையிட்டது. 2008இல் ஆணையம் அம்முறையீட்டைத் தள்ளியது. 2010இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அம்முடிவை ரத்துச் செய்தது. ஆணையம் மீண்டும் ஆராய்ந்து 2014இல் மறுபடியும் தள்ளியது. 2017இல் நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது. கடிகாரங்கள் நுட்பம் மிக்கவை, போலிகளைத் தடுக்க வேண்டும் என்ற வாதங்கள் வென்றன. பதின்மூன்று ஆண்டுகள் வாழ்நாளில் குறைந்த காலமன்று. வழக்குத் தொடங்கியபோது நடுவயதில் இருந்த கைவினைஞர் முடிவதற்குள் முதுமையை எட்டியிருப்பார்.

நம் நாட்டு வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் சாலைகளில் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தோன்றவில்லை. அவற்றின் பாகங்கள் சிறு நகரங்களின் கடைகளிலும் கிடைத்தன. ஊர் மெக்கானிக் ஒருவர் காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவார். 1983இல் மாருதி 800 வந்தது. 1990களில் அயல்நாட்டு நிறுவனங்கள் பல வந்தன. வண்டிகளுக்குள் கணிப்பொறி புகுந்தது. இன்று டீசல் எஞ்சினில் ஓர் இன்ஜெக்டரை மாற்றினால், பல வண்டிகளில் அதன் குறியெண்ணை வண்டியின் கணிப்பொறியில் பதிவு செய்தாக வேண்டும். அதற்குரிய ஸ்கேனரும் மென்பொருளும் இல்லையேல், கையில் பாகம் இருந்தும் வேலை முடியாது.

2011 ஜனவரியில் ஒரு குடிமகன் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் உதிரி பாகங்களும் பழுது காணும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை, அதனால் மக்கள் அதிக விலை தர நேர்கிறது என்பது அவர் முறையீடு. ஆணையம் விசாரணையை மற்றக் கார் நிறுவனங்களுக்கும் விரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வந்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு உள்ளிட்ட 14 நிறுவனங்கள் சட்டத்தை மீறியதாக அது கண்டது. அவற்றின் சராசரி விற்றுவரவில் 2 விழுக்காடு வீதம் மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் டாடா மோட்டார்ஸின் பங்கு மட்டும் 1,346.46 கோடி ரூபாய். அம்பாசிடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அப்பட்டியலில் இருந்தது. சென்னைக்கு அருகே ஆலை வைத்துள்ள ஹூண்டாய் நிறுவனத்துக்கு 2015 ஜூலையில் தனியாக 420.26 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது.

தொகையைவிட ஆணையத்தின் காரணங்களே நமக்கு முக்கியம். ஒரு நிறுவனத்தின் காரை வாங்கியவர் வேறு நிறுவனத்தின் பாகத்தை அதில் பொருத்த இயலாது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் உதிரி பாகச் சந்தையில் தனியாதிக்கம் பெற்றுள்ளது. அந்நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளும் அவற்றை நேரே சந்தையில் விற்க முடியாதபடி ஒப்பந்தங்கள் கட்டிப்போட்டிருந்தன. இதனை ஆணையம் கண்டித்தது. பாகங்களையும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்துச் செய்யக் கூடாது என்று ஆணையிட்டது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. மேல்முறையீடு செய்த நிசான், டொயோட்டா, ஃபோர்டு ஆகியவற்றின் மீதான குற்றத்தை 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. ஆனால் அபராதத்தை மொத்த விற்றுவரவுக்குப் பதிலாக உதிரி பாக விற்பனையின் அளவில் கணக்கிடுமாறு குறைத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் நலத்துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவை அதன் பொறுப்பில் வந்தன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது.

இரு பக்கத்து நியாயம்

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை நாம் எடுத்தெறிந்துவிடக் கூடாது. போலிப் பாகங்கள் சந்தையில் உலவுவது உண்மை. பயிற்சியற்றவர் கைவைத்த பிரேக் உயிரைப் பறிக்கும் என்பதும் உண்மை. பட்டறைக்காரர்களில் சிலர் பழைய பாகத்தைப் புதிது என்று மாட்டிப் பணம் வாங்குவதும் நடக்கிறது. அமானிதத்தில் கைவைப்பவர் கம்பெனியின் கொடுமையைப் பற்றிப் பேச வாயற்றவராகிறார்.

ஆனால் இக்காரணங்கள் பயிற்சிக்கும் சோதனைக்கும் நியாயமாகுமே தவிர, கதவடைப்புக்கு நியாயமாகா. அசல் பாகத்தை அடைத்து வைத்தால் போலிக்கே வழி திறக்கிறது. அசல் கிடைக்காத பட்டறைக்காரர் வேறெங்கே செல்வார்? ஆணையமும் இதனைக் கருதியே, தனிப் பட்டறைக்காரர்களுக்குக் கட்டணத்துடன் பயிற்சியளித்துச் சான்றிதழ் வழங்கலாம் என்று வழிகாட்டியது.

ஃபிக்ஹு நூல்களில் இஹ்திகார், அதாவது பதுக்கல், பற்றிய ஆய்வை நம் வாசகர்கள் அறிவார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் அதனை உணவுப் பொருளுக்கு உரியதாகக் கூறினர். ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, தடுத்து வைப்பதால் பொதுமக்களுக்குத் தீங்கு விளையும் எந்தப் பொருளும் அதில் அடங்கும் என்றார்கள். காரின் உதிரி பாகத்துக்கு இச்சட்டத்தை நேரே பொருத்திக் காட்டுவது ஃபத்வா வழங்கும் தகுதியுடையோரின் வேலை. எனினும் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே நம் முன்னோர், தீங்கின் அளவைக் கொண்டு பொருளின் எல்லையை வகுக்க முற்பட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

நாம் செய்யக்கூடியது

சட்டம் ஒரு கதவைத் திறந்தால், அதற்குள் நுழையும் தகுதியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது, ஐ.டி.ஐ. நிலையங்கள் மோட்டார் மெக்கானிக் பயிற்சியும் சான்றிதழும் தருகின்றன. இவை பொது அதிகாரம் தரும் முத்திரைகள். நம் பிள்ளைகள் பட்டறையில் கைப்பழக்கத்தால் கற்ற தொழிலுடன் இந்தச் சான்றையும் சேர்த்துக்கொள்வது அவசியம். தனித்தனியே வாங்க இயலாத விலையுயர்ந்த ஸ்கேனரைப் பத்துப் பட்டறைக்காரர் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தலாம். மாற்றிய பாகத்தின் பெட்டியையும் பழைய பாகத்தையும் வாடிக்கையாளர் கையில் ஒப்படைத்து, பில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். வாடிக்கையாளராகிய நாமும், வெளியில் வேலை பார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எவரேனும் அச்சுறுத்தினால், அதனை எழுத்தில் தருமாறு கேட்கப் பழக வேண்டும்.

உதயகிரிக் கோட்டைப் பட்டறை மூடப்பட்டுக் காலம் பல ஆயிற்று. இரணியல் அரண்மனையும் சிதைந்தது. ஆனால் உடைந்ததைத் திருத்தும் கை இம்மண்ணில் ஓயவில்லை. மாவர்தீ (ரஹ்) அவர்கள் வகுத்த மூன்று அளவுகோலால் அந்தக் கையைச் சோதியுங்கள்: வேலையில் நிறைவு இருக்கிறதா, நாணயம் இருக்கிறதா, தரம் இருக்கிறதா? மூன்றிலும் தேறியவருக்கு முத்திரை கிடைத்தாக வேண்டும். அந்த முத்திரை, அவருடன் அதே தொழிலில் போட்டியிடுபவரின் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கும் வரை, சோதனை நேர்மையானதென்று எவரும் சொல்ல முடியாது.